நெஞ்சில் கை வைத்த தாத்தா

1

இந்தக் கதை ஒரு நிராகரிப்பிலிருந்து வந்தது. நல்ல கதைகள் இன்னும் கௌரவமான இடங்களிலிருந்து வருவதாகக் கேள்வி.

ஒரு வார இதழின் துணையாசிரியர் டிசம்பர் இணைப்புக்காகக் கிறிஸ்துமஸ் துணுக்குகள் கேட்டார். இருபத்தைந்து வேண்டும். சுவாரஸ்யமான தகவல், கொஞ்சம் புள்ளிவிவரம், ஒவ்வொன்றும் இரண்டு வரி. எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குள் வைக்கும் உயரத்துக்கு ஒரு மரம் வளர ஏழிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று வேதத்தில் எங்கும் இல்லை. மூன்று என்று தெரிவது பரிசுகள் மட்டும்தான். காய்ந்துபோன மரத்தில் தீப்பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதும் எரியக்கூடும். (இதையே அவர் யோசித்துத்தான் போட்டார்.)

இருபத்தைந்தாவது இது:

"ஒரு நாட்டில் பல ஆண்டுகளின் இறப்புக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். இதய நோயால் மிக அதிகம் பேர் இறந்த நாட்களில் முதலாவது டிசம்பர் 25. காரணம் உறுதியாகத் தெரியவில்லை. பண்டிகை முடியட்டும் என்று வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது ஓர் ஊகம்."

துணையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், நான் ஜாலியா கேட்டேன்."

"தகவல் சரிதான்."

"சரியா இருக்கறதுதான் சார் பிரச்சினை. மான் பத்தி ஏதாவது குடுங்க."

மான் பற்றிக் கொடுத்தேன். வண்டி இழுக்கும் அந்த வகை மான்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆனால் வளர்ந்த ஆண் மான்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். டிசம்பர் கடைசியில் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் பெண்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவர் சிரித்த நேரத்தில் நான் அவருடைய மேசையைப் பார்த்தேன்.

2

மேசையில் ஒரு புகைப்படம் இருந்தது. போன டிசம்பரில், அவர் வீட்டருகே ஒரு பெரிய கடையில் எடுத்தது. உயரமான நாற்காலியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட ஒருவர். மடியில் துணையாசிரியரின் பேத்தி. தாத்தாவின் வலது கை குழந்தையின் முதுகைத் தாங்கியிருந்தது. இடது கை தன் நெஞ்சில் இருந்தது.

அழகாக இருக்கிறது என்றேன். அந்த வருடம் அந்தக் கடையில் படம் எடுத்த எல்லார் வீட்டிலும் தாத்தா இப்படித்தான் இருப்பார் என்றார். மைத்துனர் வீட்டிலும், எதிர்வீட்டிலும் அதே கை, அதே நெஞ்சு.

குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கையுறைக்குள் விரல்கள் விரிந்திருக்கவில்லை. அங்கியின் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

[அரிப்பாகவும் இருக்கலாம். மலிவான துணி, மணிக்கணக்கில் வியர்வை. வாசகர் அப்படி நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன்.]

கடைக்குப் போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு கையும் ஒரு புள்ளிவிவரமும் மட்டுமே. இனி வருவதெல்லாம் கற்பனை.

3

தொடக்கங்கள்.

"அன்று மாலை பனி பெய்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியில்

இந்தக் கதையில் பனி கிடையாது. அது வாழ்த்து அட்டையிலிருந்து விழுந்தது.

"தாத்தா வேடம் போடுபவர்களின் சராசரி வயது

அப்படி ஒரு கணக்கு எங்கேயாவது இருக்கும். என் கையில் இல்லை. இல்லாத எண்ணை இருப்பதுபோல் எழுத மாட்டேன். இந்தக் கதையில் நான் காப்பாற்றக்கூடிய ஒரே ஒழுக்கம் அதுதான்.

"அவனுக்குக் காலையிலிருந்தே இடது தோளில்

இது சரியான தொடக்கம். ஆனால் தோளில் தொடங்கினால் முடிவு வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் என்ன? எனக்கும்தான் தெரியும். தெரிந்தும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

4

அவன் கடையின் கிடங்கில் வேலை செய்பவன். நாற்பத்தாறு வயது. திருமணம் ஆகவில்லை. அம்மா போனபின் வீட்டில் அவனும் தங்கையும்தான். வருடத்தில் பதினொரு மாதம் பெட்டிகளை ஏற்றுவான், இறக்குவான், மேலே ஒட்டிய எண்ணை உரக்க வாசிப்பான். கிடங்கில் அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. எண்ணைக் கேட்பார்கள்.

அவனைத் தேர்ந்தெடுத்தது வயிறு. ஒரு டிசம்பரில் வழக்கமாக வேடம் போடுபவர் வரவில்லை. மேனேஜர் கிடங்குக்குள் வந்து, எல்லாரையும் ஒருமுறை பக்கவாட்டில் பார்த்து, இவனைக் கூட்டிப்போனார். தலையணை தேவைப்படவில்லை. அதிலிருந்து கிடங்கில் அவனுக்குப் பெயர் தாத்தா. ஜூன் மாதத்திலும் தாத்தாதான். டீக்கு ஒரு கரண்டி சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னால், "தாத்தா, சீசனுக்குள்ள இளைச்சுராதீங்க" என்பார்கள்.

(அவனா, அவரா? இந்தச் சிக்கல் எழுதும்போது வந்தது. கிடங்கில் இருக்கும்போது கை தானாக அவன் என்று எழுதுகிறது. அங்கியைப் போட்டதும் அவர் என்று எழுதுகிறது. உள்ளே இருக்கும் உடம்பு ஒன்றுதான். திருத்தப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். கடையில் இருந்தவர்களும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.)

நாற்காலியில் உட்கார்ந்ததும் உலகம் அவரிடம் வாயைத் திறந்து கேட்டது. சைக்கிள் கேட்டது. நாய்க்குட்டி கேட்டது. ஒரு பெண் குழந்தை தன் அப்பா குறட்டை விடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டிசம்பரில் வீட்டுக்குப் போகும்போது தங்கையிடம் இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். மற்ற மாதங்களில் அவரிடம் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

இதைப் பெரிதுபடுத்தக் கூடாது. ஆனால் அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று பிறகு கேட்பீர்கள். அப்போது இந்தப் பத்திக்குத் திரும்பி வாருங்கள்.

5

நாற்காலிக்கு இரண்டு விதிகள். தாத்தா குழந்தைகள் முன்னால் சொந்தக் குரலில் பேசக் கூடாது. தாத்தா எழுந்து நடப்பதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது. கடை திறக்கும் முன் உட்கார வேண்டும். இடையில் போக வேண்டுமென்றால் திரையை மூடிய பிறகுதான் எழ வேண்டும்.

திரையை மூட ஒரு ஏற்பாடு இருந்தது. தங்கை அதே கடையில் அறிவிப்பாளர். மாடிப்படி திரும்பும் இடத்தில் அவளுக்கு ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து நாற்காலி தெரியும். தாத்தா இடது கையை நெஞ்சில் வைத்தால் அவள் ஒலிபெருக்கியில், தாத்தா தன் மான்களுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார், குழந்தைகள் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்பாள். போட்டோகாரர் திரையை இழுப்பார். தாத்தா பின்வாசல் வழியாகப் போய் மூத்திரம் பெய்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

அண்ணன் தங்கை ஏற்பாடு. மூன்று டிசம்பர்கள் ஒழுங்காக நடந்தது.

நான்காவது டிசம்பரில் போட்டோகாரர் மாறினார். புது ஆள் கலைஞர். மடியில் குழந்தை, ஒரு கை சும்மா கிடக்கிறது, படம் காலியாக இருக்கிறது என்று சொன்னார். அந்தக் கையை எடுத்துத் தாத்தாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "இப்பதான் உருக்கமா இருக்கு" என்றார். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் அந்தக் கை நெஞ்சில்தான் இருந்தது.

எனவே சைகை செல்லாமல் போயிற்று. வேறு சைகை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். காதைத் தொடலாம் என்றான். காது விக்குக்குள் இருந்தது. தொப்பியைக் கழற்றலாம் என்றாள். தொப்பியோடு விக்கும் வரும். காலை ஆட்டலாம் என்றான். கால் அறிவிப்பு அறையிலிருந்து தெரியாது.

"விடு வாயாடி, இந்த சீசன் முடியட்டும்" என்றான். தங்கையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அதுவரைக்கும் தண்ணிய கம்மியா குடிச்சுக்கறேன்."

என் கதையில் யாரும் கெட்டவர் இல்லை. கெட்டவரைத் தேடிப்பார்த்தேன். போட்டோகாரரைக் கொஞ்சம் அப்படி ஆக்க முயன்றேன், வரவில்லை. அவர் எடுத்த படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன.

6

இங்கே நான் நுழைகிறேன், கொஞ்ச நேரத்துக்கு.

பாட்டுகளுக்கு நடுவே வாசிக்கத் தங்கைக்கு ஏதாவது வேண்டும். என் இருபத்தைந்தையும் கதைக்குள் அவள் கையில் கொடுத்தேன். வேறு எங்கே அவை பயன்படும்? அவள் நன்றாக வாசித்தாள். மான் துணுக்கை வாசித்துவிட்டு மைக்கை அணைக்காமலே, "அப்ப வண்டி இழுக்கறது பொம்பளைங்கதானா" என்று சொல்லிவிட்டாள். இரண்டு தளங்களில் சிரிப்பு கேட்டது. மேனேஜர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தைந்தாவதை அவள் வாசிக்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் மதியம் பின்கட்டில் டீ குடிக்கும்போது அண்ணனிடம் அதைச் சொன்னாள். வேடிக்கையாகத்தான். நாளைக்குத்தான் நெஞ்சுவலியில அதிகம் பேர் போறாங்களாம் அண்ணா, பண்டிகை கெட்டுப்போயிரும்னு ஆஸ்பத்திரிக்கே போகாம இருந்துருவாங்களாம்.

அவன் தாடியைக் கழுத்துக்குக் கீழே இழுத்துவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"நமக்கென்ன. நமக்கு இன்னைக்கும் லீவு இல்ல. சாகணும்னாலும் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கணும்."

அவள் சிரித்தாள். புரையேறி, முதுகில் தட்டச்சொன்னாள். அவன் வலது கையால் தட்டினான். இடது கையைத் தூக்கவில்லை. அவள் அதைப் பார்க்கவில்லை.* முதுகுக்குப் பின்னால் நடந்தது.

* இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அவள் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். மருத்துவமனை, பரிசோதனை, ஒரு மாத ஓய்வு, வயிற்றைக் குறை என்று ஓர் அதட்டல். நல்ல கதை. அதை எழுதாதது நான்தான், அவள் இல்லை.

7

பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை. நாற்காலிக்கு அதுதான் கடைசி நாள். வரிசை பொம்மைப் பகுதியைத் தாண்டி, பாத்திரப் பகுதியைத் தாண்டி, படிக்கட்டு வரை போயிருந்தது.

வலி தோளிலிருந்து கைக்கு இறங்கியிருந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பதுபோல் இருந்தது. [இந்த உவமை வேண்டாம். மடியில் குழந்தைகள் உட்காரும் கதையில் இது மிகவும் சுலபம். வலித்தது. அது போதும்.]

வலித்தது. கை ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது. யாரும் வைக்கச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒரு சிறுமி மடியில் ஏறினாள். கேட்க வந்ததை மறந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தாத்தாவுக்கு ரொம்ப வேர்க்குதும்மா."

"பனியிலயே இருந்தவரு இல்ல கண்ணு. இங்க இருக்கற ஏசி அவருக்குப் பத்தல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு விதிப்படி அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், மூன்று முறை வர வேண்டும். இரண்டு முறை வந்தது. போட்டோகாரர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். "சூப்பர், அப்படியே இருங்க" என்றார்.

வேடம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. மூச்சு வாங்கினால், வயதானவர். கன்னம் வெளுத்தால், பவுடர். பேசாமல் இருந்தால், அதுதான் விதி. கண்ணை மூடினால், குழந்தையின் ஆசையைக் கவனமாகக் கேட்கிறார்.

ஒரு கணக்கு உண்டு. தாத்தா ஒரே இரவில் உலகின் எல்லாக் குழந்தைகளையும் பார்க்க வேண்டுமானால் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போக வேண்டும். வேடிக்கைக்காகச் செய்யப்பட்ட கணக்கு. என் இருபத்தைந்தில் ஒன்பதாவது. தங்கை அதை அந்த நேரம் வாசித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரே ஓர் ஆள் ஒவ்வொரு குழந்தையாக இறக்கிவிட்டு, தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்த ஒரு குழந்தை முடியட்டும்.

அந்தக் குழந்தை முடிந்தது. அடுத்த குழந்தை வந்தது. இந்த ஒரு குழந்தை முடியட்டும்.

8

தங்கைமேல் எனக்குச் சந்தேகம்.

அவளுக்கு இருபத்தைந்தாவது தெரியும். அவளுக்கு நாற்காலி தெரிகிறது. அண்ணன் மதியத்திலிருந்து எழுந்திருக்கவில்லை என்பதும் தெரியும். அவள் எப்படிக் கவனிக்காமல் இருப்பாள்? கவனிக்காமல் இருப்பவள் என்று எழுதினால் நான் அவளை முட்டாளாக்குகிறேன். கவனித்தும் சும்மா இருந்தாள் என்று எழுதினால் கொடியவளாக்குகிறேன்.

அவளைச் சந்தேகப்பட வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினேன். பார், அந்தக் கையைப் பார் என்றேன்.

"போஸ்தானே" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்த டிசம்பர் முழுக்க அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். தினமும் பார்ப்பதை யாரும் பார்ப்பதில்லை. நான்கூட அந்தத் துணையாசிரியர் மேசைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்தப் புகைப்படம் அங்கேதான் இருந்திருக்கும்.

9

முடிவுகள்.

அ) தங்கை துணுக்கைப் பாதியில் நிறுத்துகிறாள். மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு, மான்களுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் என்கிறாள். சைகை இல்லாமலே திரை மூடுகிறது. அவள் படியில் ஓடிவருகிறாள்.

இதற்குத்தான் ஆசைப்பட்டேன். எட்டாம் பகுதி இதைக் கெடுத்துவிட்டது.

ஆ) தாத்தா எழுந்து நிற்கிறார். தாடியை இழுத்து எறிகிறார். சொந்தக் குரலில், யாராவது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்கிறார்.

எழுதினேன். ஆனால் எழுந்து நின்றதும் அவன் வேறொன்றைச் சொன்னான். "மன்னிச்சுக்கங்க" என்றான். குழந்தைகளிடமா, மேனேஜரிடமா, தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டான். வாழ்நாள் முழுக்க யாரிடமும் எதுவும் கேட்டிராத ஒருவனை என் வசதிக்காகக் கேட்க வைக்க முடியவில்லை.

இ) கடைசிக் குழந்தை இறங்கிப் போகிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். நாற்காலியில் தாத்தா தலை சாய்ந்திருக்கிறார். வெளியே போகும் ஒரு தகப்பன், உஷ், தாத்தா தூங்குறாரு என்று குழந்தையிடம் சொல்லி மெல்ல நடக்கிறான். தங்கை ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் நன்றி சொல்கிறாள்.

இதை முழுதாக எழுதினேன். மூன்று பக்கம். மிக நன்றாக வந்தது. ஒரு மனிதன் சாவது இவ்வளவு நன்றாக வந்தது என்று எனக்கே ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கவனித்ததும் கிழித்துவிட்டேன். 

10

துணையாசிரியருக்குப் போன் செய்தேன். இணைப்பு அச்சுக்குப் போய்விட்டதாம். துணுக்குகள் நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்களாம். நான் வேறு விஷயம் கேட்டேன். அந்தப் புகைப்படத்தில் இருக்கும் ஆள் இந்த வருடமும் அதே கடையில் இருக்கிறாரா?



"இருக்காரு சார். போன வாரம்கூடப் போனோம். அதே நாற்காலி, அதே சிவப்பு அங்கி."

"அதே ஆளா?"

"தாத்தா சார். தாடிக்குள்ள எவன் இருக்கான்னு யாரு பாத்தா?"

கை எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். படம் இன்னும் கைக்கு வரவில்லை, வந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எதற்கு சார் கேக்கறீங்க என்றார். ஒரு கதைக்கு என்றேன். ஜாலியான கதையா என்றார்.

11

புள்ளிவிவரம் எழுதியவர்கள் எதையும் தவறாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு கோடு கிடைத்தது. வருடம் முழுவதும் ஏறியிறங்கும் கோடு, டிசம்பர் கடைசியில் ஒரே குத்தாக மேலே போகிறது. அந்தக் குத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் விருந்தாளிகள் கிளம்பட்டும் என்றிருந்தார். ஒருவர் பிள்ளை ஊரிலிருந்து வந்து சேரட்டும் என்றிருந்தார். இதை நான் அறிய முடியாது, ஊகம்தான். அவர்களுடையதும் ஊகம்தான். அவர்கள் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார்கள். நான்

[இந்தப் பகுதி கட்டுரையாகிறது. நிறுத்துகிறேன்.]

12

முடிவு என்னிடம் இல்லை. ஆனால் அவரை அப்படியே விட்டுப்போகவும் முடியாது. எனவே சில மாற்றங்கள் செய்திருக்கிறேன்.

வரிசையைக் கலைத்துவிட்டேன். பாத்திரப் பகுதியில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் மேல்தளத்தில் இருக்கிறார். தங்கை குனிந்து அடுத்த துணுக்கைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் நிமிர நேரமாகும். திரை திறந்தே இருக்கிறது.

நாற்காலிக்கு முன்னால் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நீங்கள். உங்கள் கையில் உங்கள் குழந்தை. இவ்வளவு நேரம் நின்றிருக்கிறீர்கள். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுத் தலை வாரிக் கூட்டிவந்திருக்கிறீர்கள். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அது சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்தது.

தவறாக நினைக்கவும் இடமிருக்கிறது. அரிப்பாக இருக்கலாம். நீங்கள் கூச்சல் போட்டு, பிறகு ஒன்றுமில்லை என்றானால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். குழந்தை அழும். அடுத்த வருடம் இந்தக் கடைக்கு வர முடியாது. ஒரே ஒரு நிமிட வேலை. படம் எடுத்துக்கொண்டு, அதன்பின் யாரிடமாவது சொல்லலாம். இந்த ஒரு படம் முடியட்டும் என்று இருக்கலாம்.

இதற்குமேல் நான் எழுதினால் அது என் முடிவாகிவிடும்.

போட்டோகாரர் கயிற்றைக் கழற்றுகிறார்.

"வாங்க வாங்க, நீங்கதான் கடைசி. குழந்தைய ஏத்திவிடுங்க."

தாத்தா உங்களைப் பார்க்கிறார். வலது கையை நீட்டுகிறார். இடது கை நெஞ்சில் இருக்கிறது. படத்துக்கு அது நன்றாகத்தான் இருக்கும்.